பேர் வேண்டாம் என்ற தையல்காரர்

தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு ஜவுளிக்கடையின் அஞ்சடியில், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சிங்கர் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் என் தாத்தா. நம்மவர்களுக்கு அவர் ‘டைலர் அண்ணன்’. சீனக் கடைக்காரர்களும் மலாய்க்காரர்களும் ‘அன்னே’ என்பார்கள். பழைய கூட்டாளிகள் இரண்டு மூன்று பேர் மட்டும் ‘தர்ஜி’ என்று கூப்பிடுவார்கள். தர்ஜி என்பது இந்துஸ்தானிச் சொல். தையல்காரர் என்று பொருள். தெலுக் இந்தான் தமிழருக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்பது பதினைந்து வயது வரை எனக்குத் தெரியாது.

தாத்தா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். 92 வயது வரை வாழ்ந்து, தம் வீட்டுக் கட்டிலிலேயே கண்ணை மூடினார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தள்ளிப்போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. பத்திரிகையில் தம் பேர் வருவதை அவர் விரும்பியதில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் அவருடைய பேர் இல்லை. ஏன் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

சாக்கு கட்டிய காலம்

தாத்தா 1925ஆம் ஆண்டு, அன்று தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தார். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. நான்கு வயது மூத்த அண்ணன் ஒருவர், தங்கை ஒருவர். பன்னிரண்டு வயதில் தாத்தாவும் அம்மாவோடு மரத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டார். விடியற்காலைப் பெரட்டுக்கு அண்ணன் முன்னால் காண்டா விளக்கோடு நடக்க, இவர் பின்னால் தூக்கக் கலக்கத்தில் நடப்பாராம்.

1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் கோத்தாபாருவில் வந்து இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் விழுந்தது. வெள்ளைக்கார துரைமார்கள் போய்விட்டார்கள். ரப்பரை வாங்க ஆள் இல்லாததால் தோட்டங்களில் வேலை நின்றது. அரிசிக்குப் பதிலாக மரவள்ளிக்கிழங்கு வந்தது. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் பத்து வெள்ளித் தாளுக்கு நாளுக்கு நாள் மதிப்புக் குறைந்தது.

தாத்தா இந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது பசியைவிடத் துணியைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். “பசியைக் கிழங்கு தின்னு ஆத்திக்கலாம். துணிக்கு என்ன பண்றது? அரிசிச் சாக்கை அறுத்து இடுப்புல கட்டுனோம். வயசுக்கு வந்த பொண்ணுங்க லயத்தை விட்டு வெளிய வரமாட்டாங்க. எங்கம்மாவும் தங்கச்சியும் ஒரே சேலையை மாத்தி மாத்திக் கட்டுனாங்க.” இதைச் சொல்லும்போது அவர் கை தானாகவே மடியில் கிடக்கும் துணியைத் தடவும்.

வீட்டுக்கு ஓர் ஆள்

1943ஆம் ஆண்டு தோட்டத்துக்கு உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். மூன்று மாதம்தான் வேலை. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, தங்க இடம். கிராணியும் கங்காணியும் லயம் லயமாக வந்து பேர் எழுதினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள்.

தாத்தாவின் வீட்டில் ஆண் பிள்ளைகள் இரண்டு பேர். தாத்தாவுக்கு வயது பதினெட்டு, அண்ணனுக்கு இருபத்திரண்டு. அப்போது தாத்தா மலேரியாக் காய்ச்சலில் படுத்திருந்தார். “அவனுக்கு உடம்பு சரியில்ல, நான் போறேன். மூணு மாசம்தானே” என்று அண்ணன் சொல்லிவிட்டார். போகிற அன்று காலையில் தாத்தாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, “காய்ச்சல் இறங்கிருச்சு. ரெண்டு நாளைக்கு மழையில நனையாத” என்றாராம். அண்ணன் தம்பியிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

சயாம் மரண ரயிலைப் பற்றி நம் வாசகர்கள் நிறையப் படித்திருப்பீர்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். மலையும் காடும் ஆறும் நிறைந்த வழி. 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் போனவர்கள் 75,000க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது, மருந்தும் மருத்துவரும் இல்லாத கூலி முகாம்களில்தான் சாவு அதிகம்.

மூன்று மாதம் ஆனது. அண்ணனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அடுத்த முறை ஆள் பிடிக்க வருகிறார்கள் என்ற பேச்சு தோட்டத்தில் எழுந்தது. இந்திய சுதந்திரச் சங்கத்தின் அட்டை வைத்திருப்பவனையும் நேதாஜி படையில் சேர்ந்தவனையும் ஜப்பான்காரன் தொடமாட்டான் என்றும் ஒரு பேச்சு இருந்தது.

அந்த ஆண்டு ஜூலை மாதம்தான் நேதாஜி சிங்கப்பூர் வந்து இயக்கத்தின் தலைமையை ஏற்றிருந்தார். மலாயா முழுக்கத் தமிழ் இளைஞர்கள் படையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். தாத்தாவும் பேர் கொடுத்தார்.

“நாட்டுக்காகச் சேர்ந்தேன்னு சொன்னா பாதி நிஜம். சயாமுக்குப் பிடிச்சுட்டுப் போயிடுவான்னு பயந்து சேர்ந்தேன்னு சொன்னா மீதிப் பாதி. ரெண்டையும் சேத்து எழுதிக்கோ.” பள்ளியில் வரலாற்றுப் பாடத்துக்காக நான் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தபோது அவர் சொன்னது இது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. நான் முதல் பாதியை மட்டும்தான் எழுதினேன். ஆசிரியர் பாராட்டினார்.

தர்ஜி

சிங்கப்பூரில் பயிற்சி முகாம். கட்டளைகள் எல்லாம் இந்துஸ்தானியில். தோட்டத்துப் பையன்களுக்கு ஒன்றும் புரியாது. பக்கத்தில் நிற்பவன் வலது காலைத் தூக்கினால் தானும் தூக்குவது. நேதாஜி இந்துஸ்தானியில் பேச, அதைத் தமிழில் சொல்ல ஒருவர் இருப்பார். சாதி பார்க்காமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதைத் தாத்தா அடிக்கடி சொல்வார். “லயத்துல தண்ணிக் குழாய்கிட்ட நின்னா ஒதுங்கச் சொல்லுவானுங்க. அங்க என் தட்டுப் பக்கத்துல அவன் தட்டு. இதை மட்டும் நான் மறக்கமாட்டேன்.”

மலேரியா விட்ட உடம்பு. ஓட்டத்திலும் பாரம் தூக்குவதிலும் அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. உடைகள் பழுதுபார்க்கும் பிரிவில் அவரைப் போட்டார்கள். பெரும்பாலும் பிரிட்டிஷார் விட்டுப்போன கிடங்குகளிலிருந்து வந்த காக்கி உடைகள். அகல நெஞ்சு ஆட்களுக்கு வெட்டியவை. அவற்றை நம் மெலிந்த பையன்களுக்குப் பிடித்துத் தைக்க வேண்டும். பினாங்கிலிருந்து வந்த ஒரு மூத்த தையல்காரர் தாத்தாவுக்கு ஊசி பிடிக்கவும், காஜா எடுக்கவும், தைத்ததைத் துணி கிழியாமல் பிரிக்கவும் சொல்லிக்கொடுத்தார். “தைக்கத் தெரிஞ்சவன் பாதித் தையல்காரன். பிரிக்கத் தெரிஞ்சவன்தான் முழுத் தையல்காரன்” என்பாராம் அவர். முகாமில் எல்லாரும் தாத்தாவை ‘தர்ஜி’ என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

1943 அக்டோபர் 21ஆம் நாள், சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். அன்றைக்கு முகாம் முழுக்க ‘ஜெய்ஹிந்த்’ முழக்கம். தாத்தாவும் தொண்டை கட்டும் வரை கத்தினார். அதே அக்டோபர் மாதத்தில்தான், சில நாள்களுக்கு முன்னால், பர்மா பக்கத்திலிருந்து வந்த தண்டவாளமும் சயாம் பக்கத்திலிருந்து வந்த தண்டவாளமும் காட்டுக்குள் ஒன்று சேர்ந்தன. மரண ரயில் பாதை முடிந்தது.

அண்ணன் அதற்குள் இறந்திருந்தார். அது தாத்தாவுக்குத் தெரியாது.

பிரித்துத் தைத்த சீருடை

எங்கள் சித்தப்பா ஒருவர் கல்யாண வீடுகளில், “எங்கப்பா இம்பால் சண்டையில வெள்ளைக்காரனைச் சுட்டவரு” என்று சொல்வார். பக்கத்தில் தாத்தா இருந்தால் உடனே திருத்திவிடுவார். “நான் யாரையும் சுடல. மலாயாவைத் தாண்டிப் போகவுமில்ல. பட்டன் தச்சேன்.” சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும்.

1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்தது. தாத்தா ஊர் திரும்பினார். அம்மாவும் தங்கையும் உயிரோடு இருந்தார்கள். வெள்ளைக்காரன் திரும்பி வருகிறான், காக்கிச் சட்டையைப் பார்த்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று அம்மாவுக்குப் பயம். எரித்துவிடு என்றார். தாத்தாவுக்கு மனம் வரவில்லை. படையைவிட, நல்ல துணியை எரிப்பதா என்ற எண்ணம்தான். இரவில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, அந்தச் சீருடையைத் தையல் தையலாகப் பிரித்தார். அதிலிருந்து பக்கத்து லயத்துப் பையன்கள் இருவருக்குக் கால்சட்டை வெட்டிக் கையாலேயே தைத்தார். அந்தப் பையன்களின் அப்பாவும் சயாமுக்குப் போனவர். அதுவரை இருவரும் சாக்குத்தான் கட்டியிருந்தார்கள்.

தாத்தா சொந்தமாக வெட்டித் தைத்த முதல் உடை அது. அதனால்தான் எங்கள் வீட்டில் நேதாஜி படையின் நினைவாக ஒரு படமோ பதக்கமோ, ஒரு பட்டனோ கூட இல்லை. யாராவது ஆதாரம் கேட்டால், “ரெண்டு பையனுங்க போட்டுக் கிழிச்சுட்டானுங்க” என்று சிரிப்பார்.

1946இல் சயாமிலிருந்து திரும்பிய பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் வந்து தகவல் சொன்னார். காலரா. மழைக்காலம். முகாமுக்குப் பேர் தெரியாது, தேதி தெரியாது. எரித்தார்களா, புதைத்தார்களா என்பதும் தெரியாது. திதி கொடுக்க நாள் இல்லை. மாட்டி வைக்கப் படம் இல்லை.

அஞ்சடிக் கடை

தாத்தா திரும்பவும் பால் வெட்டப் போகவில்லை. பட்டணத்துத் தையல்கடை ஒன்றில் காஜா எடுக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு வெட்டவும் கற்றுக்கொண்டார். ஐம்பதுகளில், மாதத் தவணையில் ஒரு சிங்கர் மிதி மெஷின் வாங்கினார். ஜவுளிக்கடை முதலாளி அஞ்சடியில் இடம் கொடுத்தார். கடையில் துணி எடுப்பவர்கள் அங்கேயே தைக்கக் கொடுப்பார்கள். இரண்டு பேருக்கும் லாபம்.

சம்பள நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். கழுத்தில் டேப், சட்டைப் பையில் சாக்குக்கட்டி, காதில் பென்சில். லயத்து வாசலில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து அளவு எடுப்பார். தீபாவளிக்கு முன் ஒரு மாதம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியதில்லை. தாத்தா தைக்க, பாட்டி பட்டன் வைக்க, பெரிய அத்தை கரி இஸ்திரிப் பெட்டியை ஊதிக்கொண்டிருக்க, விடியும் வரை மெஷின் ஓடும்.

பள்ளிச் சீருடை தைப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. கால்சட்டையின் கீழ்மடிப்பில் இரண்டு அங்குலம் கூடுதலாகத் துணி விடுவார். இடுப்பிலும் உள்ளே ஒரு அங்குலம். “பய வளருவான். அவன் அப்பன் சம்பளம் வளராது” என்பார். அடுத்த ஆண்டு அதே உடையைக் கொண்டுவந்தால் பிரித்து நீட்டிக் கொடுப்பார். அதற்குக் காசு வாங்கமாட்டார். இதனால் அவருக்கு நட்டம்தான். ஒவ்வோர் ஆண்டும் புது உடை தைக்க வேண்டியவர்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை வந்தார்கள். பாட்டி இதைச் சொல்லிச் சண்டை பிடிப்பார். தாத்தா பதில் சொல்லாமல் மெஷினை மிதிப்பார்.

அப்பா இல்லாத பிள்ளைகளுக்குத் தைத்த சீருடைக்கு அவர் கூலியே வாங்கியதில்லை. இது அவர் இறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. துக்கத்துக்கு வந்த ஒரு முன்னாள் தலைமையாசிரியை, அறுபது வயதைத் தாண்டியவர், அவருடைய பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: “எங்க வீட்ல நாலு பேரு. ஆறு வருஷம் இவர்தான் தச்சுக் கொடுத்தாரு. எங்கம்மா காசு நீட்டினா, ‘கணக்கு இருக்குதம்மா, அப்புறம் பாத்துக்கலாம்’னு சொல்லுவாரு. கடைசி வரைக்கும் அந்தக் கணக்கு வரவே இல்ல.”

வீட்டில்

தாத்தாவுக்கு ஆறு பிள்ளைகள். மூன்று ஆண், மூன்று பெண். சிரித்துப் பேசுகிற அப்பா இல்லை என்று எங்கள் அப்பா சொல்வார். ஆனால் எத்தனை வேலை இருந்தாலும் இரவு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து எல்லாரோடும் உட்கார்ந்து பசியாறுவார். ஒரு தட்டு குறைந்தாலும், “எங்க அவன்?” என்று கேட்பார். வராத பிள்ளை வரும் வரை சோற்றில் கை வைக்கமாட்டார். சினிமாவுக்குப் போய்விட்டு நேரங்கழித்து வந்த அப்பா இதனால் வாங்கிய அடிகள் ஏராளம்.

தீபாவளிக்கு அளவு எடுக்கும்போது, ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் கதவு நிலையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மேலே ஊசியால் கீறிவிடுவார். பிள்ளைகளுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளான எங்கள் கோடுகளும் அதில் ஏறின.

எங்கள் அப்பா மூத்தவர். பள்ளி முடிந்ததும் தையல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். தாத்தா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். “மகன் படிக்கட்டும்” என்ற எண்ணம்தான். ஆனால் அப்பாவுக்கு அது கடைசி வரை மனக்குறை. கணக்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும், “என் அப்பா கைத்தொழிலை எனக்குக் கொடுக்கல” என்று சொல்வார். பெரிய அத்தை மட்டும் கேட்காமலேயே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். இன்றைக்கும் ரவிக்கை தைக்கிறார்.

எண்பதுகளில் ஆயத்த ஆடைகள் பெருகின. தைக்கக் கொடுப்பவர்கள் குறைந்தார்கள். தாத்தாவிடம் ஜிப் மாற்றுவதும் காற்சட்டை நீளம் குறைப்பதும்தான் மிஞ்சின. தொண்ணூறுகளில் தொழிற்சாலைகளுக்கும் தோட்டங்களுக்கும் வங்காளதேசத்துப் பையன்கள் வந்தார்கள். சந்தையில் வாங்கிய பெரிய காற்சட்டைகளைச் சின்னதாக்க அஞ்சடிக்கு வருவார்கள். முகாமில் கற்ற அரைகுறை இந்துஸ்தானி அப்போது அவருக்குக் கைகொடுத்தது. மற்றவர்களிடம் மூன்று வெள்ளி வாங்கும் வேலைக்கு அவர்களிடம் ஒரு வெள்ளிதான் வாங்குவார். எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: ஊருக்குக் கடிதம் போட்டாயா?

ஏன் அவர்களுக்கு மட்டும் குறைத்து வாங்குகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். “இவனுங்ககிட்டயும் எவனோ ஒருத்தன் ‘கொஞ்ச நாள்தான், நல்ல சம்பளம்’னு சொல்லித்தானப்பா கூட்டிட்டு வந்திருப்பான்” என்றார்.

பொன்னாடை

அவருக்கு எண்பது வயதை ஒட்டிய நேரம். நேதாஜி படையில் இருந்தவர்களைச் சிறப்பிக்க ஒரு சங்கத்தார் விழா ஏற்பாடு செய்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். மேடையில் பேர் வாசித்துப் பொன்னாடை போர்த்துவோம், பத்திரிகையில் படம் வரும் என்றார்கள். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

தாத்தா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: “எங்கண்ணன் பேரையும் வாசிப்பீங்களா?”

அவரும் படையில் இருந்தாரா என்று வந்தவர்கள் கேட்டார்கள். இல்லை, சயாமுக்குப் போனவர் என்றார் தாத்தா. வந்தவர்கள் நல்லவர்கள்தான். தயங்கினார்கள். இது ராணுவத்தில் இருந்தவர்களுக்கான விழா, சயாமுக்குப் போனவர்களை வாசிக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்றார்கள்.

“அதத்தான் நானும் சொல்றேன். வாசிக்க முடியாது. அவ்வளவு பேரு. அவன் என் காய்ச்சலுக்காகப் போனான். நான் அவனைக் கொண்டுபோனவனோட கூட்டாளிப் படையில உக்காந்து பட்டன் தச்சேன். என் பேரை வாசிச்சா அவன் பேரையும் வாசிக்கணும். அவன் பேரை வாசிச்சா, அவன்கூட வண்டியில ஏறுன எல்லார் பேரையும் வாசிக்கணும். முடியலன்னா என் பேரும் வேண்டாம்.”

ஆனாலும் அவர் விழாவுக்குப் போனார். மற்றவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். சிலர் பர்மா வரை போய் வந்தவர்கள், ஜான்சி ராணிப் படையில் இருந்த ஒரு பாட்டியும் இருந்தார். அவர்கள் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று வணங்கினார். அவர்களுடைய தியாகத்தை அவர் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. தம்முடையதை மட்டும் கூட்டிச் சொல்ல விடவில்லை.

காஞ்சனபுரி

2006ஆம் ஆண்டு தாத்தாவைத் தாய்லாந்துக்கு அழைத்துப் போனேன். அவர் கேட்ட ஒரே பயணம் அது. பட்டர்வொர்த்தில் பாங்காக் ரயில் ஏறினோம். இரவு படுக்கை விரித்துக் கொடுத்தார்கள். தாத்தா படுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தே வந்தார். “அண்ணனைச் சாமான் வண்டியில ஏத்துனானுங்க. இதே தண்டவாளம்தானே?” என்று ஒரு முறை கேட்டார். இதே வழிதான் என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை. மறுநாள் காலை பான் போங் நிலையப் பலகை கடந்தபோது எழுந்து நின்றார்.

காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒரு இலை கிடக்காமல் பராமரிக்கிறார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். ஒவ்வொரு கல்லிலும் பேர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. நான் வயதுகளைப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். இருபத்தொன்று. இருபத்து நான்கு. இருபத்திரண்டு என்று வந்த கல்லின் முன்னால் தாத்தா நின்றார். குனிந்து அந்த வெண்கலப் பலகையைத் தொட்டார்.

“இவனும் ஒரு அம்மா பெத்த புள்ளதான். நல்லா வச்சிருக்காங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நம்ம ஆளுங்க எங்கப்பா?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நம் ஆள்கள் இந்த வரிசைகளில் இல்லை.

மறுநாள் நாம் தோக் போகும் ரயிலில் ஏறினோம். பழைய பாதையில் இன்றும் ஓடுகிற பகுதி அது. கிராசே குகைக்குப் பக்கத்தில், பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே, மரத் தூண்கள் மேல் ரயில் ஊர்ந்து போகும். சுற்றுலா வந்தவர்கள் எல்லாரும் படம் எடுக்க ஒரு பக்கம் கூடினார்கள். தாத்தா தம் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். வெள்ளைப் பருத்தித் துணியில் அவரே தைத்தது. ஜன்னல் வழியாக அதை ஆற்றில் விட்டார்.

எங்கள் வீட்டில் அந்தச் சட்டையை எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு முந்தைய நாள் இறந்தவர்களுக்குப் படையல் போடும்போது, தாத்தா ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதுச் சட்டை தைத்து விளக்கின் முன்னால் வைப்பார். படம் இல்லாததால் சட்டை மட்டும்தான் இருக்கும். மறுநாள் அதை யாராவது ஓர் இளைஞனுக்குக் கொடுத்துவிடுவார். தாத்தாவுக்கு வயது ஏற ஏற அவருடைய சட்டை அளவு மாறியது. இந்தச் சட்டையின் அளவு மாறவில்லை.

ரயிலில் நான் கேட்டேன்: “பெரிய தாத்தா அளவு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் போகும்போது உங்களுக்குத் தைக்கத் தெரியாதே?”

“தெரியாதுதான்” என்றார். “என் நெத்தி அவன் தோளுக்கு வரும். மரத்துக்குப் போறப்ப பின்னாலயே நடந்து நடந்து அவன் முதுகை மட்டும் நல்லாத் தெரியும். அதை வச்சுத்தான் வெட்டுறேன். முன்பக்கம் எல்லாம் குத்துமதிப்புதான்.”

இரண்டு சட்டை

தாத்தா போன பிறகு அஞ்சடி இடத்தில் இப்போது கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். மெஷின் பெரிய அத்தை வீட்டில் இருக்கிறது. கதவு நிலையை மட்டும், வீட்டை விற்கும்போது அப்பா கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அண்ணன் பேர் எங்களுக்குத் தெரியும். தாத்தா தம் கையால் எழுதிக் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. அதில் அண்ணன் பேருக்குக் கீழே, அதே தோட்டத்திலிருந்து அதே நாளில் வண்டி ஏறியவர்களில் அவருக்கு நினைவிருந்த பதினோரு பேர்களையும் எழுதியிருக்கிறார். சிலருக்கு முழுப் பேர் இல்லை. ‘மூணாம் லயத்து மேஸ்திரி மகன்’ என்றுதான் இருக்கிறது. அவருடைய சொல்லை மீறி ஒரு பேரை மட்டும் இங்கே எழுத எனக்கு மனமில்லை.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் குடும்பத்திலும் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் ஒருவர் இருந்திருக்கலாம். வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதைத் தொட்ட பெரியவர்கள் இருந்தால், அவர்கள் தங்கள் பெற்றோர் சொல்லிக் கேட்ட பேர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். எந்தத் தோட்டம், யாருடைய மகன் என்பதையும் எழுதுங்கள். தாத்தாவின் தாளில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். இன்னும் கேட்டிருந்தால் கூடுதலாகச் சொல்லியிருப்பார். நான்தான் பள்ளி நோட்டில் பாதியை எழுதிவிட்டு எழுந்துபோனவன்.

தாத்தா இறந்த பிறகு வந்த முதல் தீபாவளிக்கு முந்தைய இரவு, பெரிய அத்தை இரண்டு சட்டை தைத்துக்கொண்டு வந்தார். ஒன்று கூன் விழுந்த முதியவருக்கு, முன்பக்கம் சற்று நீளமாக வெட்டியது. இன்னொன்று அகலத் தோள் கொண்ட இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு. இரண்டையும் விளக்கின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதியவர் தம்பி, பையன் அண்ணன் என்று என் மகளுக்குச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.